'பாத்திரம் கழுவுறது அம்மா வேலை': 4 வயது பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யார்?

"அப்பா, நீங்க ஏன் பாத்திரம் கழுவுறீங்க? அது அம்மா வேலைல்ல?"

அம்மா காய்ச்சலில் படுத்திருக்கிறார். அப்பா சிங்க் முன்னால் நிற்கிறார். 4 வயது மகன் வந்து இப்படிக் கேட்கிறான். வீட்டில் எல்லோரும் சிரித்துவிடுகிறார்கள். சிரித்து முடித்த பிறகுதான் ஒரு யோசனை வருகிறது. "நாங்க யாரும் இதைச் சொல்லித் தரலையே, இவன் எங்க கத்துக்கிட்டான்?"

சின்னப் பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் இப்படி ஒரு நாள் வந்திருக்கும். திண்டுக்கல் டவுனாக இருந்தாலும் சரி, வேடசந்தூர், நிலக்கோட்டை பக்கத்துக் கிராமமாக இருந்தாலும் சரி.

பதில் ரொம்ப எளிது. யாரும் சொல்லித் தரவில்லை. அவன் பார்த்துக் கற்றுக்கொண்டான். பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பதைவிட, நம் வீட்டில் எந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று கணக்கு எடுப்பதுதான் அதிகம். அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது? அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? மாற்ற முடியுமா? பார்க்கலாம்.

எந்த வயதில் ஆரம்பிக்கிறது?

நாம் நினைப்பதைவிட சீக்கிரமாகவே. பெரும்பாலான குழந்தைகள் 2 வயதிலிருந்து 3 வயதுக்குள் 'நான் பையன்', 'நான் பொண்ணு' என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் போகும் வயதில் எந்த பொம்மை யாருக்கு, எந்த வேலை யாருக்கு என்ற பட்டியலே அவர்கள் கையில் இருக்கும்.

அந்தப் பட்டியலை எழுத நாம் அதற்கும் முன்பே ஆரம்பித்துவிடுகிறோம். 1978-ல் பிரிட்டனில் ஒரு ஆய்வு நடந்தது. 6 மாதக் குழந்தைகளுக்கு ஒரு முறை ஆண் குழந்தை உடையும், ஒரு முறை பெண் குழந்தை உடையும் போட்டு, அந்தக் குழந்தையை முன்பின் தெரியாத தாய்மார்களிடம் விளையாடக் கொடுத்தார்கள். பையன் என்று நினைத்தவர்கள் பொம்மைச் சுத்தியலை எடுத்துக் கொடுத்தார்கள். பெண் என்று நினைத்தவர்கள் பாப்பா பொம்மையைக் கொடுத்தார்கள்.

குழந்தை அதே குழந்தைதான். மாறியது சட்டை மட்டும்.

பார்த்துக் கற்றுக்கொள்வது என்றால் எப்படி?

பெரியவர்கள் செய்வதைக் குழந்தைகள் அப்படியே திருப்பிச் செய்வார்கள் என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-ல் அமெரிக்காவில் நடத்திய பொம்மைப் பரிசோதனை மூலம் காட்டினார். பொம்மையை அடிக்கும் பெரியவரைப் பார்த்த பிள்ளைகள், தாங்களும் அதே மாதிரி அடித்தார்கள். குறிப்பாகப் பையன்கள், அடித்தவர் ஆணாக இருந்தபோது அதிகமாக அடித்தார்கள்.

அப்படியானால் அப்பாவைப் பார்த்து பையன், அம்மாவைப் பார்த்து பொண்ணு. அவ்வளவுதானா? இல்லை. இன்னும் ஒரு படி இருக்கிறது.

1979-ல் டேவிட் பெர்ரி, கே பஸ்ஸி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் முன்னால் 4 ஆண்களும் 4 பெண்களும் ஆப்பிளா, வாழைப்பழமா என்பது போல இரண்டு பொருளில் ஒன்றை எடுக்க வேண்டும். எல்லா ஆண்களும் ஒன்றையும், எல்லாப் பெண்களும் மற்றொன்றையும் எடுத்தபோது, பிள்ளைகள் தங்கள் பாலினத்தவர் எடுத்ததையே எடுத்தார்கள். ஆண்களும் பெண்களும் கலந்து எடுத்தபோது அந்தத் தாக்கம் குறைந்துபோனது.

இதில்தான் விஷயமே இருக்கிறது. குழந்தை ஒரு ஆளைப் பார்த்து முடிவு செய்வதில்லை. எத்தனை பேர் செய்கிறார்கள் என்று எண்ணுகிறது. நம் அப்பா, பக்கத்து வீட்டு மாமா, பெரியப்பா, டிவியில் வரும் அப்பா என்று பத்து பேரில் யாருமே பாத்திரம் கழுவவில்லை என்றால், குழந்தைக்கு அது ஒரு விதி.

அப்பா ஒரு நாள் கழுவினால் போதாதா?

போதாது. குழந்தையின் ஞாபகம் அதைத் திருத்திவிடும்.

1983-ல் நடந்த ஒரு அமெரிக்க ஆய்வில், 5, 6 வயதுப் பிள்ளைகளுக்குச் சில படங்களைக் காட்டினார்கள். அதில் ஒரு சிறுமி ரம்பத்தால் மரம் அறுப்பது போன்ற 'வழக்கத்துக்கு மாறான' படங்களும் இருந்தன. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, இந்த மாதிரிப் படங்களில் இருந்தது ஆணா பெண்ணா என்பதைப் பிள்ளைகள் மாற்றிச் சொன்னார்கள். மரம் அறுத்தது பையன்தான் என்று அவர்களுடைய மனசு படத்தையே மாற்றி வைத்துக்கொண்டது.

அதனால்தான் காய்ச்சல் நாளில் மட்டும் அப்பா பாத்திரம் கழுவுவது குழந்தையின் கணக்கில் ஏறாது. அது விதிவிலக்கு. விதி அப்படியே இருக்கும்.

திண்டுக்கல்லில் வளரும் பிள்ளை எதைப் பார்க்கிறது?

திண்டுக்கல் என்றால் முதலில் பிரியாணி. ஊரின் மிகப் பிரபலமான பிரியாணிக் கடையை 1957-ல் தொடங்கியவர் நாகசாமி நாயுடு. அவர் கட்டியிருந்த தலைப்பாகையே கடையின் பெயரானது. இன்றைக்கும் பெரும்பாலான கடைகளில் அடுப்பு முன்னால் நிற்கும் 'மாஸ்டர்' ஆண்தான்.

இப்போது ஒரு குழந்தையின் கண்ணால் பாருங்கள். வீட்டில் தினமும் சமைப்பவர் அம்மா. கடையில் அண்டாவில் சமைப்பவர் ஆண். 'ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது' என்பது பொய் என்று அந்தக் குழந்தைக்கு நன்றாகவே தெரியும். அப்படியென்றால் அது கற்றுக்கொள்வது வேறு. சம்பளம் இல்லாத சமையல் பெண்களுக்கு, சம்பளமும் பெயரும் வரும் சமையல் ஆண்களுக்கு.

பூவும் அப்படித்தான். நிலக்கோட்டை, திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வரும் மல்லிகையை விடியற்காலையில் பறிப்பதில் பெண்கள் அதிகம். வீட்டு வாசலில் உட்கார்ந்து தொடுப்பதும், தெருவில் முழம் போட்டு விற்பதும் பெரும்பாலும் பெண்கள். மார்க்கெட்டுக்குள் கமிஷன் கடையில் உட்கார்ந்து எடைபோட்டு விலை சொல்வது பெரும்பாலும் ஆண்கள்.

ஜல்லிக்கட்டுக் காளையும் அப்படித்தான். பல வீடுகளில் வருஷம் முழுக்கக் காளைக்குத் தீனி வைத்து, தண்ணி காட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டு வளர்ப்பதில் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வாடிவாசல் அன்றைக்கு மைக்கில் கேட்கும் பெயர் பெரும்பாலும் ஆண் பெயர்.

இதற்கு எதிரான காட்சியும் இந்த ஊரில் தாராளமாக இருக்கிறது. மில் வேனில் ஷிப்டுக்குப் போகும் அம்மா, நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டி, காட்டு வேலைக்குப் போகும் அத்தை. 'பெண் என்றால் வீட்டுக்குள்' என்று திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளைகளிடம் யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மா வேலை முடிந்து வந்ததும் நேராக அடுப்படிக்குப் போகிறார். அதே நேரம் வேலை முடிந்து வந்த அப்பா நாற்காலியில் உட்கார்ந்து "தண்ணி கொண்டா" என்கிறார்.

இரண்டு பேரும் சம்பாதிக்கிறார்கள். ஓய்வு ஒருவருக்குத்தான். குழந்தை இதையும் எண்ணிக்கொள்கிறது.

நம் பேச்சில் என்ன ஒளிந்திருக்கிறது?

"ஆம்பளப் புள்ள அழுவலாமா?" "இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு, இப்படியா உக்காருவ?" இந்த மாதிரி வசனங்கள் நமக்குத் தெரியும். இப்போதெல்லாம் பலர் இதைத் தவிர்க்கவும் செய்கிறார்கள். ஆனால் நமக்கே தெரியாமல் வரும் பேச்சுகள் இருக்கின்றன.

முதலாவது, 'உதவி' என்ற சொல். "அம்மாவுக்கு உதவி பண்ணுடா" என்று பையனிடம் சொல்கிறோம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் உதவி என்றாலே அது வேறொருவருடைய வேலை என்று ஆகிவிடுகிறது. மகளிடம் யாரும் "உதவி பண்ணு" என்று கெஞ்சுவதில்லை. "போய் வாசலைக் கூட்டு" என்பதோடு சரி.

இரண்டாவது, மரியாதை. பல தமிழ் வீடுகளில் அம்மா அப்பாவை "வாங்க, போங்க" என்கிறார். அப்பா அம்மாவை "வா, போ" என்கிறார். பிள்ளையும் அப்பாவை "நீங்க" என்றும் அம்மாவை "நீ" என்றும் கூப்பிடப் பழகுகிறது. "அப்பா வந்துட்டாரு", "அம்மா வந்துட்டா". அம்மாவை 'நீ' என்பதில் பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பேசத் தொடங்கும் குழந்தை, வீட்டில் யார் மேலே, யார் கீழே என்பதையும் இந்த விகுதிகளோடு சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

மூன்றாவது, விழாக்கள். பெண் வயதுக்கு வந்தால் பந்தல், தாய்மாமன் சீர், தட்டு வரிசை, ரோடு முழுக்க ஃபிளெக்ஸ். அந்தப் பெண்ணின் தம்பி தங்கைகள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். நேற்று வரை தெருவில் சைக்கிள் ஓட்டிய அக்கா, விழாவுக்குப் பிறகு ஏன் ஓட்டவில்லை என்பதற்கு யாரும் காரணம் சொல்வதில்லை. சொல்லாவிட்டாலும் அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

அம்மாவா, அப்பாவா: யாருடைய தாக்கம் அதிகம்?

இந்தக் கேள்விக்கு இரண்டு ஆய்வுகள் இரண்டு பக்கத்திலிருந்து பதில் சொல்கின்றன.

ஹரியானா பள்ளி மாணவர்களையும் அவர்களின் பெற்றோரையும் வைத்துத் தார், ஜெயின், ஜெயச்சந்திரன் என்ற ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரிடம் பாகுபாட்டு எண்ணம் இருந்தால் பிள்ளைகளிடமும் அது இருப்பதற்கான வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. அதிலும் அப்பாவைவிட அம்மாவின் எண்ணமே பிள்ளைகளிடம் அதிகம் பிரதிபலித்தது.

இதைப் படித்துவிட்டு "பாத்தீங்களா, பொம்பளைங்கதான் காரணம்" என்று முடிவுகட்ட வேண்டாம். பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர் அம்மா. அந்த நேரப் பங்கீடே இந்தப் பாகுபாட்டின் விளைவுதான்.

அடுத்து, கனடாவின் வான்கூவரில் 7 முதல் 13 வயது வரையிலான 326 பிள்ளைகளையும் பெற்றோரையும் வைத்து நடந்த ஆய்வு, 2014-ல் வெளியானது. வீட்டு வேலையை நிஜமாகவே பங்கு போட்டுக்கொண்ட அப்பாக்களின் மகள்கள், 'பெண்கள் வேலை' என்ற வட்டத்துக்கு வெளியேயும் கனவு கண்டார்கள். சமத்துவம் பேசுவார், ஆனால் வீட்டில் துரும்பைக்கூட நகர்த்த மாட்டார் என்ற அப்பாக்களின் மகள்கள், நர்ஸ், டீச்சர், இல்லத்தரசி என்றே அதிகம் நினைத்தார்கள்.

நர்ஸ் வேலையோ டீச்சர் வேலையோ குறைந்தது இல்லை. கண்ணுக்குத் தெரியும் கதவுகள் எத்தனை என்பதுதான் கேள்வி. அப்பா பேசிய பேச்சால் அந்தக் கதவுகள் கூடவில்லை, அவர் செய்த வேலையால்தான் கூடின.

இதனால் உண்மையில் என்ன நஷ்டம்?

முதல் நஷ்டம், நேரம். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 6 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதம் பேர் ஊதியமில்லா வீட்டு வேலை செய்தார்கள். ஆண்களில் 26.1 சதவீதம்தான். 2024 கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்தவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 5 மணி நேரத்துக்கு எதிராக ஒன்றரை மணி நேரம்.

இரண்டாவது நஷ்டம், தன்னம்பிக்கை. 2017-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வில், 'ரொம்ப ரொம்ப புத்திசாலி' ஒருவரைப் பற்றிக் கதை சொல்லி, அது ஆணா பெண்ணா என்று அமெரிக்கக் குழந்தைகளிடம் கேட்டார்கள். 5 வயதில் பையன்களும் பெண் குழந்தைகளும் ஒரே மாதிரித் தங்கள் பாலினத்தையே சொன்னார்கள். 6 வயது ஆனதும் பெண் குழந்தைகள் பின்வாங்கத் தொடங்கினார்கள். ஒன்றாம் வகுப்பு வயதிலேயே அது நடந்துவிடுகிறது.

மூன்றாவது, வாழ்க்கையே திசைமாறுவது. திண்டுக்கல், திருப்பூர், கோவை, ஈரோடு பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததை இந்தப் பகுதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படிப்பை நிறுத்திய டீன் ஏஜ் பெண்கள் விடுதியில் தங்கி 3 ஆண்டுகள் வேலை பார்த்தால், கடைசியில் மொத்தமாக ஒரு தொகை. எதற்கு? கல்யாணச் செலவுக்கு. 'மகள் என்றால் கல்யாணச் செலவு' என்ற பாடம் அந்த வீடுகளில் முன்பே படித்து முடிக்கப்பட்டிருந்தது. அதனால்தான் அந்தத் திட்டத்துக்கு அந்தப் பெயரே வைக்க முடிந்தது.

அந்தப் பாடத்தின் கொடூரமான முனையையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல் மதுரை, தேனி, தருமபுரியோடு திண்டுக்கல்லுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

பையன்களுக்கு நஷ்டம் இல்லையா? இருக்கிறது. வேலைக்காகத் திருப்பூரிலோ சென்னையிலோ ரூம் எடுத்துத் தங்கும் பையன் ஒரு ரசம் வைக்கத் தெரியாமல் தினமும் கடைச் சாப்பாட்டில் காசையும் வயிற்றையும் கெடுத்துக்கொள்கிறான். கடன், தோல்வி, காதல் என எது வந்தாலும் அழவோ வாய்விட்டுச் சொல்லவோ அவனுக்கு யாரும் பழக்கவில்லை. "ஆம்பளப் புள்ள" என்ற வார்த்தையின் பாரம் அவன் தலையில்தான்.

இதை மாற்ற முடியுமா?

முடியும். கணக்கு மாறினால் விதியும் மாறும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

மேற்கு வங்கத்தில் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களை ஆராய்ந்த ஆய்வு 2012-ல் வெளியானது. இரண்டு முறை தொடர்ந்து பெண் தலைவரைப் பார்த்த கிராமங்களில், வளரிளம் பையன்களின் கனவுகளுக்கும் பெண்களின் கனவுகளுக்கும் இடையிலான இடைவெளி 32 சதவீதம் குறைந்தது. படிப்பில் இருந்த இடைவெளி மறைந்தது. பெண் பிள்ளைகள் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரமும் குறைந்தது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு 2016-ல் சட்டமானது. 2022-ல் திண்டுக்கல் மாநகராட்சி மேயராக இளமதி பதவியேற்றார். இந்த ஊர்ச் சிறுமிக்கு 'மேயர்' என்றால் மனதில் வரும் முகம் இப்போது வேறு.

பள்ளியாலும் முடியும். ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வில், ஒரு பகுதிப் பள்ளிகளில் இரண்டரை ஆண்டுகள் இது பற்றிக் கலந்துரையாடல் வகுப்புகள் எடுத்தார்கள். மாணவர்களின் எண்ணம் மாறியது. வகுப்பு முடிந்து 2 ஆண்டுகள் கழித்தும் அந்த மாற்றம் நின்றது. பையன்கள் வீட்டு வேலை முன்பைவிட அதிகம் செய்வதாகச் சொன்னார்கள். பக்கத்தில் கேரளா 2024-ல் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பா தேங்காய் துருவும் படத்தையே போட்டது.

திண்டுக்கல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம், சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு ஊர் எழுதி வைத்திருந்த விதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அவர் டெல்லி போய் டாக்டருக்குப் படித்தார். 1940-ல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து 1947-ல் சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1962-ல் திண்டுக்கல் எம்.பி. ஆகி, மத்திய கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார்.

2023-ல் பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 600 எடுத்து மாநிலத்தையே திரும்பிப் பார்க்க வைத்ததும் திண்டுக்கல் மாணவிதான். தச்சுத் தொழிலாளியின் மகள். மகளின் நேரம் அடுப்படியில் கரையாமல் புத்தகத்தில் செலவாக வேண்டுமென்றால், வீட்டு வேலையை எல்லோரும் பங்கு போட்டாக வேண்டும்.

நாளைக்கே என்ன செய்யலாம்?

- ஒரு வாரத்துக்கு வீட்டில் எந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். அவர்கள் மனதில் உள்ள கணக்கு உங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.
- வேலையை வயதுக்கு ஏற்ப பிரித்துக் கொடுங்கள், ஆண் பெண் பார்த்து வேண்டாம். தட்டு கழுவுவது, துணி மடிப்பது, கடைக்குப் போவது எல்லாம் எல்லோருக்கும் சுழற்சியில் வரட்டும்.
- "அம்மாவுக்கு உதவி" என்பதை "நம்ம வீட்டு வேலை" என்று மாற்றிச் சொல்லுங்கள்.
- தாத்தா பாட்டியோடு சண்டை வேண்டாம். பேரன் கையால் போட்ட டீயை ஒரு தடவை குடிக்கக் கொடுங்கள். வாதத்தைவிட அது வேகமாக வேலை செய்யும்.
- பள்ளியில் கூட்டுவதும் கோலம் போடுவதும் மாணவிகள், பெஞ்ச் தூக்குவது மாணவர்கள் என்று இருந்தால், பெற்றோர் கூட்டத்தில் மெதுவாகக் கேளுங்கள்.

கடைசியாக, அந்த 4 வயதுப் பையனின் கேள்விக்கு வருவோம். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லடா, அதான் நான் கழுவுறேன்" என்று அப்பா சொன்னால், பையன் நினைத்தது சரிதான் என்று ஆகிவிடும். "நாம எல்லாரும் சாப்பிட்ட தட்டு, நாம எல்லாரும்தான் கழுவணும். வா, நீயும் ஒண்ணு எடு" என்று சொன்னால் அது வேறு பதில்.

ஆனால் அந்தப் பதில் உண்மையா இல்லையா என்பதைப் பையன் அன்றைக்கு முடிவு செய்ய மாட்டான். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள், சிங்க் முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பான்.